வாய்க்காலில் வீசிய டீசல் மருந்து

எனக்கு முன்கோபம் அதிகம். எண்பதுகளில் ஒருநாள், சுரக்குடியில் நெல் ஏற்றிவந்த என் லாரி வரிச்சிக்குடி அருகே முக்கி முனகி நின்றுவிட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயும் கிழிசல். புகை குறையட்டும் என்று அன்று காலைதான் டீசல் டேங்கில் அழுக்கு நீக்கும் மருந்து ஊற்றியிருந்தேன். "பாழாப்போன மருந்து!" என்று கத்தி, காலி பாட்டிலை வாய்க்காலில் வீசினேன்.

எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி, என் வண்டியின் டீசல் பில்டரைக் கழற்றினார். உள்ளே கறுப்புச் சேறு.

"மருந்து டேங்க் அழுக்கைக் கிளப்பிடுச்சுங்க. ஊத்தினா பில்டரையும் மாத்தணும்னு பாட்டில்லயே போட்டிருக்குமே, படிக்கலையா?"

படித்திருந்தேன். பில்டர் விற்கும் தந்திரம் என்று ஒதுக்கியிருந்தேன்.

தன்னிடமிருந்த புது பில்டரை மாட்டி, வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டில் இன்னும் வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்தது. மருந்து தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது, செய்யாதவன் நான்.