‘அளப்பு’ என்கிற அறிவழகன்

காலை ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. அந்த நேரத்தில், அந்த எண்ணிலிருந்து என்றால், “ரைட்டரம்மா, ரெடியா கீறீங்களா?” என்ற குரல்தான் வரும். அன்று பேசியது அவர் மனைவி பொன்மணி. ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

அறிவழகன் லஸ் முனையில் ஆட்டோ ஓட்டினார். நீரஜா மயிலாப்பூர் வார இதழ் ஒன்றில், ஊருக்குள் கண்ட சின்னச் சின்ன விஷயங்களை எழுதுகிறவள். வியாழக்கிழமைதோறும் அவர் வண்டியில்தான் கிளம்புவாள். வழியெல்லாம் அவர் சரித்திரம் சொல்லிக்கொண்டே வருவார். அதில் ஒன்றுகூட உண்மை என்று தேறியதில்லை. நந்தனத்தில் நந்து என்று ஒரு யானை இருந்ததாம், அதன் பேரில்தான் அந்தப் பேட்டையாம். யானையை எங்கே கட்டிவைத்தார்கள் என்று கேட்டதற்கு வண்டியை நிறுத்தி ஒரு கல்லைக் காட்டினார். போய்ப் பார்த்தால் அது மைல்கல். ஆனால் பக்கத்து டீக்கடைக்காரர் அதற்குத் தினமும் பூ வைத்துக்கொண்டிருந்தார். ஏன் வைக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த வாரக் கட்டுரை அதுதான். அவர் பொய்யைச் சரிபார்க்கப் போன இடத்தில்தான் நீரஜாவுக்கு எப்போதும் ஏதாவது கிடைத்தது.

ஸ்டாண்டில் அவருக்கு ‘அளப்பு’ என்று பெயர். பொன்மணிக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது.

அவர்களுடைய ஆற்றங்கரை வீட்டை அரசாங்கம் இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்ட பிறகும், சைதாப்பேட்டையில் தங்கை வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று பொன்மணி பிடிவாதமாக இருந்தாள். பெரும்பாக்கத்தில் அவரை யாருக்குத் தெரியும், இங்கே என்றால் நாலு பேர் வருவார்கள் என்பது அவள் கணக்கு. மாலை நாலு மணிக்கு எடுப்பதாக முடிவானது. போஸ்டர் வாசகம் நீரஜா பொறுப்பு. பொன்மணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“உயிரோட இருந்த வரிக்கும் அந்தப் பேருதான். சாவுலயாவது அவரு பேரைப் போடும்மா.”

நீரஜா ‘அ. அறிவழகன், லஸ் ஆட்டோ ஸ்டாண்டு’ என்று எழுதிக் கொடுத்தாள். கிடைத்த படம் லைசென்ஸுக்காக எப்போதோ எடுத்தது. தலை நிறையச் சுருட்டை முடி, கண்ணாடி கிடையாது. பதினொரு மணிக்குள் லஸ், தி. நகர், அடையாறு, நந்தனம், சைதாப்பேட்டை எல்லா இடத்திலும் ஒட்டியாகிவிட்டது.

ஒரு மணி வரைக்கும் சொந்தக்காரர்கள் சிலர்தான் வந்தார்கள். ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்மணி, ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் சந்து முனையைப் பார்த்தாள். எந்த வண்டியும் நிற்கவில்லை. நீரஜாவுக்கு அதற்கு மேல் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. லஸ் முனைக்குப் போனாள்.

போஸ்டருக்குக் கீழேயே உட்கார்ந்து, அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற ஃபிர்தௌஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்து வண்டி தள்ளி நிற்கிறவனையும் தெரிந்து வைத்திருப்பவன்.

“யாரு மேடம் இந்த அறிவழகன்? நம்ம ஸ்டாண்டு பேரு போட்டுகீது, நமக்கே தெரில.”

“அளப்பு” என்றாள்.

அவன் டிபன் பாக்ஸை மூடினான். எழுந்து படத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தான்.

“காலைலேர்ந்து ஃபோன் அடிச்சிக்கினு கீறேன். எடுக்க மாட்டேன்றான்னு வாய்க்கு வந்தபடி திட்டிக்கினும் கீறேன்.”

நீரஜா பொன்மணியை ஃபோனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். போஸ்டரில் அந்தப் பெயரையும் எழுதட்டுமா என்று கேட்டாள்.

“எழுதும்மா” என்றாள் பொன்மணி. “பெருசாவே எழுது.”

கறுப்பு மார்க்கர் ஒன்று வாங்கிக்கொண்டு ஃபிர்தௌஸின் வண்டியில் ஏறினாள். ஒவ்வொரு போஸ்டராக நிறுத்தி, பெயருக்கு மேலே ‘அளப்பு’ என்று எழுதிக்கொண்டே போனார்கள். தி. நகரில் அவள் ‘ப்பு’வை முடிப்பதற்குள், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கொய்யாப்பழக்காரி கூடையை அடுத்த கடையில் வைத்துவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றரைக்குச் சந்தில் ஆட்டோ நிறுத்த இடமில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு சரித்திரம் வைத்திருந்தார்கள். யானையின் பெயரில் இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. ஒருவன் நந்து என்றான், இன்னொருவன் அளப்பு தன்னிடம் சந்து என்றுதான் சொன்னார் என்று சாதித்தான்.

“நந்துதான்” என்றாள் பொன்மணி, பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்காமல்.

அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

மதியம் நந்தனத்துப் போஸ்டரில் ‘அள’ வரை எழுதியதும் மார்க்கர் தீர்ந்துவிட்டிருந்தது. ‘ப்பு’ இன்னும் எழுதவில்லை.