பிளேனின் கூரையில் கண்ணாடி ஓடு

குருநகர்ச் செல்வரட்ணம் பொறாமைப்படுவதை ஒரு கடமையாகவே செய்து வந்தார். ஞாயிறு பூசைக்குப் பிந்தினாலும் பிந்துவார். அயல்வீட்டில் புதுக் கதிரை மேசை வந்து இறங்கினால் அதைப் பார்த்து வயிறெரிய ஒருநாளும் பிந்தியதில்லை. தொழில், மினிபஸ்களுக்குக் கண்ணாடி போடுவது. முன்னுக்கும் பின்னுக்கும் கண்ணாடி, பக்கங்களுக்குப் பேர்ஸ்பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் தகடு. குடாநாட்டு வாகனங்களில் பாதி, தான் போட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கின்றன என்பது அவருடைய எண்ணம். மற்றப் பாதி யார் போட்ட கண்ணாடி வழியாகப் பார்க்கின்றன என்பது அவருடைய வியாதி.

இதைவிட அவருக்கு ஒரு கெட்ட பெயரும் இருந்தது: பொல்லாத கண். ஒருமுறை நெல்லியடியில் யாரோ ஒருவரின் மினிபஸ் முன்கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று பின்னேரமே கல்லுப் பட்டு அது நொறுங்கியது. மாற்றுக் கண்ணாடி போட அவரிடமே கொண்டுவந்தார்கள் என்பதால் சந்தேகம் இன்னும் பலத்தது. அதற்குப் பிறகு அவரைக் கண்டால் தாய்மார் பிள்ளையின் கன்னத்துப் பொட்டு அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். அவர் எதையும் வாய்விட்டுப் புகழ்வதையே நிறுத்திவிட்டார். அது அவருக்கு ஒன்றும் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் புத்தூருக்கு ஒரு பிளேன் வந்தது. பறந்து வரவில்லை, லொறியில் வந்தது. நெல்லியடியில் பிறந்து கனடாவில் காலம் கழித்து, பிளேன் ஓட்டவும் பழகித் திரும்பிய பிரகலாதன், அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து தோட்டக் காணியில் ஒரு பெரிய கொட்டில் போட்டுப் பொருத்திப் பூட்டி எடுத்தார். இரண்டு பேர் இருக்கலாம். செட்டை என்கிற இறக்கை தலைக்கு மேலே. அதனால் கீழே உள்ள வெங்காயப் பாத்தியெல்லாம் நன்றாகத் தெரியும். வானத்தில் பறந்துகொண்டு வானத்தைத்தான் பார்க்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை, வளைத்துத் திருப்பும்போது செட்டை சரிந்து, எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்தையே மறைத்துவிடுமாம். ஆகவே தலைக்கு நேர்மேலே கூரைத் தகட்டை வெட்டிக் கண்ணாடி போடவேண்டும். எங்கே வெட்டலாம், எந்தக் குழாயைத் தொடக்கூடாது என்று கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் கோடு கீறிக் காட்டிவிட்டுப் போனார்.

செய்தி குருநகருக்கு எட்டியதும் செல்வரட்ணம் தாடி வழித்து, சேட்டு மாற்றி, தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். வளைந்த தகடு என்றால் செல்வரட்ணம். செல்வரட்ணம் என்றால் வளைந்த தகடு. அழைப்பு வரவில்லை. வேலை சுன்னாகத்துக் கனகலிங்கத்துக்குப் போய்விட்டது. கனகலிங்கம் யார்? வீட்டுக் கூரைகளில் இருட்டறைக்கு வெளிச்சம் வருவதற்காகக் கண்ணாடி ஓடு பதிக்கிறவர்!

"வீட்டுக்கு ஓடு போடுறவனுக்குப் பிளேனைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார் செல்வரட்ணம்.

அவர் மனைவி லூர்த்தம்மா சூடை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு வாகனம் தெரியும். சில்லு இருக்கு, எஞ்சின் இருக்கு, பெற்றோல் குடிக்குது. வாகனம் இல்லாமல் பின்னை என்ன, வீடே?"

"எந்த பஸ்ஸுக்கு நீங்கள் கூரையிலை கண்ணாடி போட்டனியள்? தலைக்கு மேலை இருந்தால் கூரை. கூரை எண்டால் ஓட்டுக்காரன். அந்த மனிசன் சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்குது."

சொந்த வீட்டிலேயே நீதி செத்துப்போனதைக் கண்ட செல்வரட்ணம் அன்று மத்தியானம் யாரோடும் கதைக்கவில்லை. மீன்குழம்பை மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

வேலை முடிந்தது என்று கேள்விப்பட்ட மறுநாள், எதேச்சையாகப் புத்தூர்ப் பக்கம் போனார். குருநகரிலிருந்து புத்தூருக்கு எதேச்சையாகப் போவதற்கு மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

பிரகலாதன் ஏணி வைத்து ஏற்றிக் காட்டினார்; கீழே கனகலிங்கமும் நின்றார். நடுக்குழாயின் இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள். செல்வரட்ணம் பிழை தேடினார். அவர் செபமாலை சொல்லும்போதுகூட அவ்வளவு ஊன்றியதில்லை. விளிம்பை விரலால் தடவினார். அரம் போட்டு மழமழவென்று இருந்தது. வளைவைப் பார்த்தார், அளவாக இருந்தது. ஆணித் துளைகளைப் பார்த்தார். வெயிலில் தகடு விரிந்தால் வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் தாராளமாகவே துளைத்திருந்தது. ஒரு எதிரி அடிக்கலாம், ஏசலாம். பிழையே விடாமல் வேலை செய்வதுதான் மன்னிக்க முடியாதது.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. தகட்டின் மேலும் கீழும் கடையில் ஒட்டி வந்த நீலப் பொலித்தீன் அப்படியே இருந்தது. ஆணி இறங்கிய இடத்தில் மட்டும் அளவாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

"பொலித்தீன் கழட்டேல்லையோ?" என்று செல்வரட்ணம் காற்றைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"புதுச் சாமானெல்லோ அண்ணை, கீறு விழும்" என்றார் கனகலிங்கம். "பறக்கிற அண்டைக்குக் கழட்டுவம்."

"ஓம் ஓம், புதுசு கலையக்கூடாது" என்றார் பிரகலாதன். கனடாவில் அத்தனை வருடம் இருந்தும் அவருடைய ரீவி றிமோட் இன்னும் உறைக்குள்தான் இருந்தது. இதில் குறை சொல்லக் குடாநாட்டில் யாருக்கும் தகுதி இல்லை. செல்வரட்ணத்தின் வீட்டிலும் பிறிட்ஜின் கதவு, மகளின் கலியாணத்துக்கு வாங்கிய நாள் முதல் பொலித்தீனோடுதான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பேர்ஸ்பெக்ஸ் வேறு சாதி என்பது அவருக்குத் தெரியும். முன்பொருமுறை ஒரு பஸ்ஸுக்குப் பொலித்தீனோடு பூட்டி, அது வெயிலில் அவிந்து தோல்போல ஒட்டிக்கொள்ள, பெற்றோல் துணியால் துடைத்தார். தகடு முழுவதும் சிலந்திவலை மாதிரி வெடித்தது. அந்த வெட்கத்தை லூர்த்தம்மாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை. ஆகவே ஒரு யோக்கியமான மனிதன் இந்த இடத்தில் என்ன சொல்லவேண்டுமோ அதை யோசித்துப் பார்த்துவிட்டு, செல்வரட்ணம் சொன்னார்:

"அப்பிடியே விடுங்கோ. நல்ல யோசினை."

கொழும்பிலிருந்து பறக்கும் அனுமதி வருவதாக இல்லை. மாதங்கள் போயின. தன் வேலையைக் காட்டவென்றே கனகலிங்கம் தினமும் வந்து, பார்வையாளர்களுக்காகப் பிளேனை வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தினார். செல்வரட்ணம் பூசை முடிந்து ஞாயிறுதோறும் வந்து, தோட்டக்காரன் மிளகாய்ப் பழம் சிவப்பதைப் பார்ப்பதுபோல அந்தப் பொலித்தீனைப் பார்த்துவிட்டுப் போனார். அது சுருங்கியது. வெளிறியது. மொறுமொறுத்தது. வீட்டில் அவர் உதட்டைக் குவித்துச் சீக்காய் அடிக்கத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, கனகலிங்கத்தாருக்கு ஏதும் காய்ச்சலோ?" என்று கேட்டார் லூர்த்தம்மா. "உங்கடை முகத்திலை ஒரு களை தெரியுது."

ஒருவழியாக அனுமதி வந்தது. புத்தூர்ச் சனம் காணியைச் சுற்றி நின்றது. தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தாயிற்று. கனகலிங்கம் ஏணியில் ஏறிப் பொலித்தீனின் மூலையைப் பிடித்து இழுத்தார். நகமளவு கிழிந்து வந்தது. மற்ற மூலையை இழுத்தார். அதுவும் நகமளவு. வேர்வை முதுகால் ஓடியது.

"துணியிலை கொஞ்சம் பெற்றோலை நனைச்சுத் துடைச்சால் விட்டுடும்" என்றார் கடைசியில். கலன் வந்தது. துணி வந்தது.

முன்வரிசையில் கைகட்டி நின்ற செல்வரட்ணத்துக்கு, சிறுவயதில் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த நாளுக்குப் பிறகு நெஞ்சு அப்படி இனித்ததில்லை. அந்த நேரம் பார்த்துக் கனகலிங்கம் திரும்பினார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. கொஞ்சம் அங்காலை திரும்பி நில்லுங்கோ."

"ஏன்?"

"உங்கடை கண்ணைப் பற்றி உங்களுக்கே தெரியுமெல்லே. ஏதும் வெடிச்சுக் கிடிச்சுப் போச்செண்டால்..."

சனம் முழுவதும் செல்வரட்ணத்தைப் பார்த்தது. ஒரு பெண் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

செல்வரட்ணத்துக்கு வரப்போவது முழுவதும் அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. தகடு வெடிக்கும். பெற்றோலை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். குருநகரான் பார்த்தான், பிளேன் கண்ணாடி வெடித்தது என்று சுன்னாகம் சந்தை தொடக்கம் பருத்தித்துறை வரைக்கும் கதைப்பார்கள். ஒரு மினிபஸ்காரனும் இனித் தன் கண்ணாடியை அவர் கண்முன்னால் கொண்டுவர மாட்டான். கனகலிங்கத்துக்கென்று அவர் பார்த்துப் பார்த்துப் பழுக்க வைத்த பழம், அவர் தலையிலேயே விழப்போகிறது.

"நிப்பாட்டு!" என்று கத்தினார். "பெற்றோல் போடாதை! சிலந்திவலை மாதிரி வெடிக்கும்!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பிரகலாதன்.

"ஒருக்கால் நானே வெடிக்க வைச்சனான்." சபை நடுவில் சொல்லியாயிற்று.

கனகலிங்கம் ஏணியில் நின்றபடியே கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் ஏன் அண்ணை சொல்லேல்லை?"

இதற்கு அவரிடம் உண்மையான விடை ஒன்று இருந்தது. அது சபையில் சொல்லத்தக்கதாக இல்லை. "நீர் கேக்கேல்லையே" என்றார்.

பறப்பு மறுநாளைக்குத் தள்ளிப்போனது. செல்வரட்ணம் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவி, ஊறவிட்டு, பெருவிரல் நகத்தால் உரித்தார். மேலே ஏணியில் அவர், உள்ளே ஆசனத்தில் மல்லாந்து சாய்ந்து கனகலிங்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் தகடு தெளிந்தபோது, அதன் வழியாக முதன்முதலில் துலக்கமாகத் தெரிந்தது கனகலிங்கத்தின் முகம். இதற்காகவா நகம் தேய்ந்தது என்று செல்வரட்ணம் மனம் வெறுத்தார்.

மறுநாள் சனம் ஒவ்வொருவராக ஏறி அண்ணாந்து பார்த்தது. "கனகலிங்கத்தின்ரை கண்ணாடி எண்டால் கண்ணாடிதான்!" என்றது. உரித்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. செல்வரட்ணம் தன் தேய்ந்த நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டவர்தான் முதல் ஏறவேணும்" என்றார் பிரகலாதன்.

கனகலிங்கத்தின் முகம் சுருங்கியது. "எனக்கு ஏழரைச் சனி நடக்குது, தம்பி. கூரையைவிட உயரத்துக்கு ஏறக் கூடாதெண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார். மனிசி என்னட்டைச் சத்தியமும் வாங்கிப்போட்டுது."

பிரகலாதன் சுற்றிப் பார்த்தார். "செல்வரட்ணம் அண்ணை, உங்களுக்கும் சனி கினி..."

"வேதக்காரர் சனி பாக்கிறேல்லை" என்றார் செல்வரட்ணம். சொல்லி முடியும்போது அவர் ஆசனத்தில் இருந்தார்.

பிளேன் செம்மண்ணில் குலுங்கி ஓடி எழும்பும்போது சிலுவை அடையாளம் போட்டுக் கண்ணை மூடியவர், எஞ்சின் சத்தம் சீரானதும்தான் திறந்தார். தலைக்கு மேலே வானம், இரண்டு துண்டாக. பிரகலாதன் வளைத்துத் திருப்பினார். உலகம் சரிந்தது. வானம் இருந்த இடத்துக்குச் செம்மண் வந்தது, வாழைத்தோட்டம் வந்தது, காணி விளிம்பில் சனம் புள்ளி புள்ளியாக வந்தது. ஒரு புள்ளி மட்டும் தனியே ஒதுங்கி நின்றது.

அது கனகலிங்கமா என்று பார்க்க அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது. செல்வரட்ணத்துக்குத் தெரியத் தேவையுமில்லை. ஒரு காலில் பாரம் போட்டு, கையைக் கண்ணுக்கு மேலே பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத்தானே "சத்தம் கொஞ்சம் கூடத்தான்" என்று சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை அது. அப்படி நிற்பதில் குடாநாட்டிலேயே அவரை மிஞ்சிய ஆளில்லை. தன்னைப் பார்த்து ஒருவன் அப்படி நிற்பது இதுதான் முதல் தடவை. அவருடைய நெஞ்சு விரிந்தது. மனிதருக்குத் தாராளம் வந்துவிட்டது.

"எப்பிடி அண்ணை கண்ணாடி?" என்று கத்தினார் பிரகலாதன்.

"திறம் சாமான்!" என்று திருப்பிக் கத்தினார் செல்வரட்ணம். "இப்பிடி ஒரு கண்ணாடியை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை!"

சொன்ன பிறகுதான், சொன்னது யாருடைய வாய், பார்த்தது யாருடைய கண் என்பது அவருக்கு உறைத்தது. கீழே பார்த்தார்; மண் மிகத் தூரத்தில் இருந்தது. "த்தூ, த்தூ, த்தூ" என்று தன் நெஞ்சிலேயே துப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் கண்ணை இறுகப் பொத்தினார். சில்லு நிலத்தில் முட்டும்வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.