பதினேழாவது பாட்டு

எங்கள் வீட்டில் பாட்டுக்கு நான்தான் அதிகாரி. வேறு எதற்கும் என்னை யாரும் அதிகாரியாக வைத்ததில்லை என்பதால் இந்தப் பதவியைக் கொஞ்சம் கெட்டியாகவே பிடித்துக்கொண்டிருந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் பாட்டுகள். நண்பர்களின் பென்டிரைவிலிருந்தும், தருமபுரியில் முன்பு இருந்த ஒரு சிடி கடையிலிருந்தும், வெளியே சொல்லக் கூடாத இன்னும் சில வழிகளிலும் சேர்த்தவை. எல்லாவற்றையும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பிளேயரில் ஏற்றி, படம், வருடம், பாடியவர் என்று வகை பிரித்து வைத்திருந்தேன். காரிமங்கலத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் எனக்கு வேலை. கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆகவே இதற்கெல்லாம் எனக்கு நேரம் இருந்தது.

என் மனைவிக்கு நேரம் கிடையாது. அவள் தருமபுரியில் நர்ஸ். காலை ஏழு ஐம்பது பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நாலாயிரம் பாட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பட்டியல். அதன் பெயர் ‘காலை’. பதினேழு பாட்டு. பதினோரு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாற்றி, மேலே கீழே நகர்த்தி அவளே அடுக்கியது. ஆறு பத்துக்கு அதைத் தட்டிவிட்டுச் சமையலறைக்குள் போவாள். அலமாரியில் இருக்கும் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும். ஒன்பதாவது பாட்டில் எனக்குக் காப்பி வரும். அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பழைய பிளேயருக்கு வயதாகிவிட்டது. அது திறப்பதற்குள் பால் பொங்கிவிடும். அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். புது லேப்டாப் வாங்கியதும், புது பிளேயருக்குக் குடிபெயர்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

பாதிப் பாட்டுகள் ‘டிராக் ஒன்று’, ‘டிராக் இரண்டு’ என்று பெயரில்லாமல் வந்து நின்றன. நான் வருடக்கணக்காகத் தட்டித் தட்டி வைத்த பெயர்களைப் பழைய பிளேயர் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டுகளுக்குள் எழுதவே இல்லை. சனியன். எல்லாவற்றையும் உள்ளே எழுதவைத்து மறுபடி கொண்டுவந்தேன். அடுத்து பட்டியல்கள் திறக்கவில்லை. பாட்டுகள் டி டிரைவில் இருப்பதாக அவை நம்பிக்கொண்டிருந்தன. புது லேப்டாப்பில் டி என்று ஒன்று இல்லவே இல்லை. பட்டியல்களை நோட்பேடில் திறந்து விலாசத்தை மாற்றிக் கொடுத்தேன். இந்த வீரத்தைப் பாராட்ட வீட்டில் ஆளில்லை. தாயும் மகளும் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் புது பிளேயர் ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது. பல பட்டியல்களில் ஒரே பாட்டு இரண்டு தடவை வருகிறது, அதிகப்படியானவற்றை நீக்கிவிடலாமா என்று. சுத்தம் என்றால் எனக்கு உயிர். ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதை அமுக்கினேன். அதோடு விட்டேனா? பழைய டிஸ்க்கைத் துடைத்து, கம்ப்யூட்டரை அன்று சாயங்காலமே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை இட்லி வேகவில்லை.

“ஏங்க, இது என்ன மாவா, இட்லியா?” என்று தட்டோடு வந்து நின்றாள். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்து மகள் ஒரு பக்கம் ஜடையும் ஒரு பக்கம் விரித்த தலையுமாகக் கூடத்துக்கு வந்தாள். “இன்னொன்னு எப்பம்மா?” என்றாள். “பாட்டு முடிஞ்சிருச்சே!” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியல் ஏழு இருபதுக்கே ஓய்ந்துவிட்டது. பட்டியல் முடிந்தால் செருப்பை மாட்டுவது அவள் பழக்கம். மாட்டிக்கொண்டு ஓடினாள். அரை மணி நேரத்துக்கு முன்பே போய்ப் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள்.

சாயங்காலம் வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “கடிகாரத்தப் பாக்க வேண்டியதுதான?” என்றேன்.

“மாவுக் கையோட எங்க போயி மணி பாக்கறதுங்க? அந்தப் பாட்டுதான் எனக்கு மணி.”

அப்புறம்தான் அடிப்படையே தெரிந்தது. முதல் பாட்டுக்குப் பால் அடுப்பில் ஏறும். இட்லிக்கு ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை வைத்திருந்தாள். இரண்டும் ஓடி முடிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். மகளுக்கு இரட்டை ஜடை, ஜடைக்கு ஒரு தடவையாக இன்னொரு பாட்டு இரண்டு தடவை. நான் சுத்தம் செய்ததில் இட்லிக்குப் பாதி வேக்காடும் மகளுக்கு ஒரு ஜடையும் போய்விட்டன.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “பதினோரு வருசமா அடுக்கினதுங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் பாட்டே போடவில்லை. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, மணி பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். சத்தமில்லாத சமையலறையிலிருந்து காப்பி எப்போது வரும் என்று எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாகவே இருந்தது. அவள் கோபத்துக்கில்லை. இனி போடவே மாட்டாளோ என்று.

அடுத்த ஞாயிறு மத்தியானம் லேப்டாப்போடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சொல்லு, ஒவ்வொண்ணா போடலாம்” என்றேன். இட்லிப் பாட்டும் ஜடைப் பாட்டும் இரண்டிரண்டாயின. எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான் இருந்தது.

“பதினேழாவது எது?”

“அது வேணாம், வுடுங்க.”

“அட, சொல்லேன்.”

“அந்தக் கன்னடப் பாட்டு.”

அவள் பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வரிகூடப் புரியாது. “அதுதான் மூணாவதா இருக்குதே” என்று காட்டினேன்.

“மூணாவது பாட்டுக்குச் சட்னி அரைப்பேன். மிக்ஸி ஓடறப்ப எங்கங்க கேக்குது?”

“கேக்காத பாட்ட எதுக்கு அங்க வெச்ச?”

“அரைச்சுத் தாளிக்க அது அளவா இருக்குது. வெச்சுட்டேன். அப்புறம் பிடிச்ச பாட்டு இப்பிடிப் போவுதேன்னு கடைசியிலயும் ஒண்ணு வெச்சேன். அதுக்குத்தான் நான் உக்காருவேன்.”

“எங்க?”

“பின்னால படியில. காப்பி குடிக்க.”

பதினேழு பாட்டில் பதினாறு எங்களுக்கு. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு. அதைத்தான் நான் அதிகப்படி என்று நீக்கியிருக்கிறேன். பதினோரு வருடத்தில் அவள் அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாட்டை இழுத்துக் கடைசியில் போட்டேன். ‘இது ஏற்கெனவே இருக்கிறது, சேர்க்கத்தான் வேண்டுமா?’ என்று கேட்டது பிளேயர். ஆமாம் என்று அமுக்கினேன்.

மறுநாள் ஆறு பத்துக்கு ஸ்பீக்கர் பாடியது. பதினாறாவது பாட்டில் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டேன். படியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கி ஒரு வாய் குடித்தாள். “சக்கர போடல” என்றாள். எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டு முடியும் வரை அப்படியே குடித்தாள்.

புது பிளேயர் சும்மா இருப்பதில்லை. அவ்வப்போது வந்து, ‘காலை’ பட்டியலில் மூன்று பாட்டுகள் திரும்ப வருகின்றன, நீக்கிவிடலாமா என்று அதே மரியாதையோடு கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை போட்டாயிற்றா என்று பார்க்கப் போகிறேன்.