மூடி வைத்த பாதித் தம்ளர்

என் வீட்டு முன்னறைச் சன்னலில் பெரணிச் செடி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு பித்தளைத் தம்ளர் இருக்கும். அதில் பாதியளவு தண்ணீர், மேலே மூடியாக ஒரு சின்னத் தட்டு. வேலைக்கு வரும் பெண் புதிதில் அதை யாரோ குடித்து வைத்த மிச்சம் என்று நினைத்துக் கொட்டிவிட்டாள். இரண்டாம் தடவை கொட்டப் போனபோது தடுத்தேன். “தண்ணிதான் தட்டுப்பாடில்லாம வருதே அக்கா, இத எதுக்குப் பொத்திப் பொத்தி வைக்கீங்க?” என்றாள். சமையலறையில் சுத்திகரிக்கும் மிஷின் இருக்கிறது, மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. அவள் கேட்டதில் தப்பில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் சொல்வதென்றால் என் மதினியிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் மதினி என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தாள். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம், குளமும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர் அவளுடையது. சீர்ப் பாத்திரங்களோடு மூன்று தகர டின்களும் வந்து இறங்கின. ஒன்றில் குரோட்டன்ஸ், ஒன்றில் மணி பிளாண்ட், ஒன்றில் பெரணி. பூக்காத காய்க்காத செடியை டின்னில் வைத்து வளர்ப்பதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. “இத வச்சி என்ன கூட்டா வைக்கப் போறா?” என்று அம்மா என் காதில் கேட்டாள். மதினி தண்ணீரை ‘வெள்ளம்’ என்பாள். குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம். மழையையே அபூர்வமாகப் பார்க்கிற ஊரில் அதைக் கேட்டு நானும் அம்மாவும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறோம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

செடிகளை வெளியே வைக்க வழியில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் உப்பளத்துத் தூசியும் மணலுமாக வாரிக்கொண்டு வரும். அதனால் முன்னறையில், மாதா சுரூபத்துக்கு எதிரே இருந்த சன்னலை மதினி பிடித்துக்கொண்டாள். காலையில் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். ஒரே பக்கம் வெளிச்சத்துக்குச் சாய்ந்துவிடக் கூடாதென்று டின்னைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். அண்ணன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தான். போனால் எப்போது திரும்புவான் என்று காற்றுதான் சொல்ல வேண்டும். அவன் இல்லாத நாட்களில் அவள் அந்தச் சன்னலை விட்டு அகலமாட்டாள்.

எங்கள் வீட்டில் கிணறு உண்டு, ஆனால் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். நல்ல தண்ணீர் தெருமுனைக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வரிசையில் நின்று, சண்டை போட்டு, இடுப்பு ஒடியக் குடம் சுமந்து கொண்டுவந்து பானையில் ஊற்றுவோம். அந்தப் பானை அம்மாவின் ராச்சியம். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும்தான் அதில் மொள்ளலாம். அரிசியைக்கூடக் கிணற்றுத் தண்ணீரில் களைந்து, கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விடுவாள். அந்தக் கழுவல் தண்ணீர் எங்கள் ஆட்டுக்குப் போகும். செடிக்கு என்று மதினி தயங்கித் தயங்கிக் கேட்டபோது அம்மா கிணற்றைக் கை காட்டினாள். முற்றத்து முருங்கை அந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே கூரைக்கு மேல் நிற்கிறது என்பது அவள் நியாயம்.

குரோட்டன்ஸ் முதலில் போயிற்று. இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பிறகு மணி பிளாண்ட். மதினி காலி டின்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தம்ளர். அம்மா தண்ணீர் மொண்டு கொடுத்தால் மதினி வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவாள். சற்றுக் கழித்துப் பார்த்தால் சன்னலில் தம்ளர் பாதி தண்ணீரோடு மூடியிருக்கும். நாளாக ஆக அவள் உதடு வெடித்தது, கண் உள்ளே போயிற்று. நீர்க்கடுப்பு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அம்மா ஒருநாள் அந்தத் தம்ளரைக் காட்டி, “பாத்தியா, நம்ம தண்ணி அவளுக்கு எறங்கல. ஆத்துத் தண்ணி குடிச்ச தொண்டையில்லா,” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் பெரணி பச்சைப் பசேலென்று நின்றது. அதையும் தம்ளரையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. நல்ல தண்ணீரை ஒருத்தி செடிக்கு ஊற்றுவாள் என்பது எங்கள் புத்திக்கு எட்டாத விஷயம்.

அண்ணன் கரை வந்ததும் அம்மா சொல்லிவிட்டாள். “ஏலே, பிள்ளைய அவ அம்ம வீட்டுல கொண்டு விடு. இங்கன கெடந்தா சீக்காளி ஆயிருவா. ஒடம்பு தேறட்டும், பெறவு பாக்கலாம்.” கோபத்தில் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொன்னாள். ஆனால் கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண் பெட்டியோடு தாய்வீட்டு வாசலில் போய் நின்றால் ஊர் என்ன பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். மதினிக்குக் கீழே கல்யாணத்துக்கு ஒரு தங்கச்சி வேறு இருந்தாள். நானும் அம்மாவும் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மதினி வந்து பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

“இனி ஊத்த மாட்டேன் மாமி. என்னை அனுப்பாதீங்க.”

“என்னத்த ஊத்த மாட்ட?”

“குடிக்கத் தந்த வெள்ளத்த. கெணத்து வெள்ளம் விட்டா பெரணியும் செத்துப் போவும். பாதி நான் குடிச்சிட்டு, மிச்சத்த வெயில் தாழ்ந்த பெறவு அதுக்கு விடுவேன்.”

அம்மா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். “ஏளா, அதுக்காவ நீ தாகத்தோட கெடந்தியா? எங்கிட்டக் கேட்டா குடுத்திருக்க மாட்டனா?”

கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். அங்கிருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். அம்மா எழுந்து போய், ஒரு செம்பு நிறைய நல்ல தண்ணீர் மொண்டு வந்து மதினி கையில் கொடுத்தாள். “முழுசையும் என் முன்னால குடி,” என்றாள். மதினி குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நின்றாள். அன்று மத்தியானத்திலிருந்து அரிசியின் கடைசிக் கழுவல் பெரணிக்குப் போயிற்று. ஆடு கொஞ்ச நாள் கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

பெட்டி அடுக்கிய பேச்சை அம்மா அப்புறம் எடுக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற பெண்கள் பெரணி இலையைத் தொட்டால், “கை சூடு ஆகாதுளா, தள்ளி நில்லு,” என்று அவள்தான் முதலில் அதட்டுவாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

அம்மா படுக்கையில் விழுந்தது பல வருஷம் கழித்து. கட்டிலை முன்னறையில்தான் போட்டிருந்தோம். கடைசி நாளில் மதினி தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. அம்மா தம்ளரைப் பார்த்தாள், பிறகு சன்னலைப் பார்த்தாள். “மிச்சத்த அதுக்கு ஊத்திரு,” என்றாள்.

மதினி ஊற்றவில்லை. “இருக்கட்டும் மாமி, சித்த நேரம் கழிச்சு நீங்க குடிப்பீங்க,” என்று தட்டால் மூடிச் சன்னலில் வைத்தாள். மறுநாள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது அது அப்படியே இருந்தது. மதினி சேலை கூட மாற்றாமல் நேரே போய்த் தட்டை எடுத்தாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாமல் பெரணிக்கு ஊற்றிவிட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

என் சன்னலில் இருப்பது அந்தப் பெரணியில் பிரித்த கன்று. நான் தனி வீடு வந்தபோது, பழைய பால்பவுடர் டின் ஒன்றில் மதினி வைத்துக் கொடுத்தது. தம்ளரும் அவள் கொடுத்ததுதான். இன்று சாயங்காலம் வெயில் இறங்கியதும் தட்டை எடுத்து மிச்சத் தண்ணீரை அதற்கு விட்டேன். பிறகு சமையலறைக்குப் போய் முழுத் தம்ளர் பிடித்து, பாதி குடித்தேன்.