சாமி கொடுத்த சாகாவரம்

செருப்பை வெளியே விட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி, சட்டைப் பையில் கிடக்கும் சில்லறையையும் சாவிக்கொத்தையும் என் கையில் கொட்டிவிட்டுத்தான் சாமி மைக் முன்னால் போய் நிற்பார். "உலகத்தைப் படைச்சவன் பேசும்போது பையில சில்லறை குலுங்கினா நல்லாவா இருக்கும்?" என்பார். பிறகு ஹெட்போனை மாட்டுவார், இடது காதுக்கு மட்டும். வலப்பக்கத்துக் குமிழைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். கேட்டால், "அந்தக் காது வீட்டுக்கு" என்பார்.

வேறு மொழிகளில் எடுத்த காவியத் தொடர்கள் எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும். உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி நான் தமிழில் வசனம் எழுதுவேன். மழையைப் பெய்விப்பவர், கடலைப் பிளப்பவர், சொர்க்கத்தின் கதவைத் திறப்பவர் என்று எந்தத் தெய்வம் வாயைத் திறந்தாலும் குரல் இவருடையதுதான். அதனால்தான் எல்லோருக்கும் இவர் சாமி. எவ்வளவு நீள வசனமானாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். தப்பித்தவறி நடுவில் மூச்சு வாங்கினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்டு அக்கா அதை வெட்டி எடுத்துவிடுவார். தெய்வத்துக்கு மூச்சு வாங்கக் கூடாது. மனிதர்களின் மூச்சை மட்டும் அப்படியே விட்டுவைப்பார்; போர்க்களத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டியும் வைப்பார். ஆனால் இரண்டாம் மாடிக்கு ஏறி வருவதற்குள் சாமிக்கு இரைக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, "மேலோகத்துக்கு ஒரு லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்று கேட்பார். சவுண்டு அக்கா அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவருக்கும் அக்காதான்.

சாமியின் மனைவியும் இங்கேதான் வேலை பார்த்தார், கூட்டத்தில். சந்தையில் பேரம் பேசுகிற பெண்கள், அரசன் வரும்போது முணுமுணுக்கிற பெண்கள், யாராவது செத்தால் அழுகிற பெண்கள். இவர்களுக்குத் தனி வசனம் கிடையாது. நாலைந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசுவார்கள். தன் வேலை முடிந்ததும் அந்த அம்மா இந்த அறையின் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "நான் கிளம்பறேங்க. வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க" என்பார். அப்போது சாமி பிரளயத்தின் நடுவில் இருப்பார். வலது காதால் தக்காளியைக் கேட்டுக்கொள்வார்.

வீட்டில் சாமிக்கு மரியாதை குறைவுதான். "ஊருக்கெல்லாம் மழை பெய்ய வைக்கிறீங்க. நம்ம குழாயில சொட்டுற தண்ணிய நிறுத்த வழியில்ல" என்பாராம் அந்த அம்மா. எதையும் கொஞ்சம் தாமதமாகச் செய்கிற பெண்மணி. சாப்பிடும்போது இவர் ஒரு வேடிக்கை சொன்னால் முகம் அப்படியே இருக்கும். தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். "அடுத்தத சொல்லலாமான்னு காத்துட்டு உக்காந்திருப்பேன்" என்கிறார் சாமி.

ஒரு நாள் ஏதோ ஒரு வீரனுக்காக அந்தப் பெண்கள் அழுதது நன்றாக அமைந்துவிட்டது. சவுண்டு அக்கா அதைப் பத்திரப்படுத்திக்கொண்டார். அதன் பிறகு எந்தக் காவியத்தில் எவன் செத்தாலும், வேல் பாய்ந்தாலும், விஷம் ஏறினாலும், தேர்ச்சக்கரம் ஏறினாலும், அதே பெண்கள்தான் அழுதுகொண்டிருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து தொடங்கி, சேர்ந்து மூச்செடுக்க நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் ஒரு குரல் மட்டும் பின்தங்கி வரும். "போயிட்டியே ராசா." அதுதான் அந்த அம்மா.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அம்மா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் சாமிக்கு வசனத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் வந்தது. என்னைப் பார்த்ததும், "எழுத்தாளரே, இந்த வாரம் யாரு போறா?" என்பார். வீரர்கள் சாகும் நாட்களில் தனக்கு வேலை இல்லாவிட்டாலும் வந்துவிடுவார். சவுண்டு அக்காவின் அறையில் கால் ஆடுகிற நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து, ஒற்றைக் காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம்கூட வராத அந்த அழுகையைக் கேட்பார். எழுந்து துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு, காய் வாங்கப் போய்விடுவார்.

வீரர்களுக்குக் குரல் கொடுக்கிற தொப்பைக்காரருக்கு இதில் வருத்தம். "உசுரக் கொடுத்து சாகறேன் அண்ணே. ஒரு நாளாவது என் சாவ நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

"நீ சாகறதுல என்ன இருக்கு? வாரா வாரம் சாகற. உனக்கு அழறாங்க பாரு, அதுலதான் இருக்கு."

"செல்லுல ஏத்தித் தரேன் சாமி. வீட்டுலயே கேட்டுக்கலாம்" என்று சவுண்டு அக்கா ஒருமுறை சொன்னார்.

சாமி தலையை ஆட்டினார். "சும்மா இருக்கிறவளக் கூப்பிட்டு அழுன்னு சொல்றதா? வேணாம் அக்கா. வேலைன்னு வந்தா அழட்டும்."

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொடர்தான் எங்களிடம் இருக்கும் கடைசிக் காவியம். அடுத்து வரப்போவது துப்பறியும் தொடராம். அங்கே பிணங்கள் நிறைய விழும். அழத்தான் யாருக்கும் நேரமிருக்காது. அதனால் இந்தக் கதாநாயகனின் சாவைச் சாமி பல வாரங்களாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வத்துக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்த இளவரசன். நெஞ்சில் வேல் பாய்ந்து ஆற்றங்கரையில் கிடந்தான். மூலக் கதையில் அங்கேயே உயிர் போகிறது. ஊர்ப் பெண்கள் ஓடி வருகிறார்கள்.

கடைசிப் பகுதிகள் வந்து சேர்ந்தபோது முடிவை மாற்றியிருந்தார்கள். பார்க்கிறவர்கள் மனம் ஒடிந்துபோகும் என்று தயாரித்தவர்கள் பயந்திருக்க வேண்டும். வானம் திறக்கிறது, தகப்பன் தெய்வம் இறங்கி வந்து மகனுக்குச் சாகாவரம் கொடுக்கிறது. விஷயத்தைச் சாமியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பொழைச்சுட்டானா?"

"ஆமாங்க."

"யாரு காப்பாத்தினது?"

"நீங்கதான்."

தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினார். "தேரோட்டி ஒருத்தன் இருந்தானே. அவனுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"நல்லாதான் இருக்கான்."

"வயசானவன்தானே?" என்றார். பிறகு, "குதிரை?"

"குதிரைக்கெல்லாம் பொம்பளைங்க கூடி அழுவாங்களா சாமி?"

"அழ மாட்டாங்கதான்" என்று ஒப்புக்கொண்டார்.

ஒலிப்பதிவு நாளன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். கடிகாரம், சில்லறை, சாவி எல்லாம் என் கைக்கு வந்தன. திரையில் இளவரசன் கண் மூடிக் கிடந்தான். சாமி வாயைத் திறந்தார். "மகனே, இனி உனக்கு..." அங்கே ஒரு மூச்சு வந்தது. "...மரணம் இல்லை."

"மூச்சு விழுதே சாமி. இன்னொரு தடவை" என்றார் சவுண்டு அக்கா.

இரண்டாவது தடவையும் அதே இடத்தில் விழுந்தது. தொப்பைக்காரர் என் காதருகே, "பொழைச்சது நான். திணறுறது இவரா?" என்றார். நான் அவர் கையைக் கிள்ளினேன். மூன்றாவது தடவை சாமி கண்ணை மூடிக்கொண்டு, தாளைப் பார்க்காமல், ஒரு பிசிறு இல்லாமல் வரத்தைக் கொடுத்தார். மகன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஓகே. கூட்டத்தச் சேத்து ஒரு தடவை ஓட்டறேன், பாத்துட்டுக் கிளம்புங்க" என்றார் சவுண்டு அக்கா.

"என்ன கூட்டம்? அதான் யாரும் சாகலையே?"

"சந்தோஷப்படுற கூட்டம் சாமி. ஊர்ப் பொம்பளைங்க ஓடி வர்றாங்கல்ல?" அக்காவின் குரல் ஸ்பீக்கரில் கொஞ்சம் தயங்கியது. "இத்தனை வருஷத்துல பொம்பளைங்க சேந்து சந்தோஷப்படுற சத்தத்துக்கு இங்க வேலையே வரல. ஜெயிச்சா ஆம்பளைங்க கத்துவாங்க, செத்தா பொம்பளைங்க அழுவாங்க. நேத்து பழசையெல்லாம் தேடினேன். அந்த அழுகை எடுத்த அன்னைக்கே இதையும் எடுத்திருக்கேன். அழுது முடிச்ச கையோட, கொஞ்சம் சிரிங்கம்மான்னேன். உங்க வீட்டம்மாதான், 'இப்பதானே செத்தான், அதுக்குள்ளயா?'ன்னாங்க. எல்லாரும் நிஜமாவே சிரிச்சுட்டாங்க."

சாமி திரையைப் பார்த்துத் திரும்பி நின்றார். இடது காதில் ஹெட்போன் இருந்தது; வலது காதின் குமிழ் வழக்கம்போலப் பின்னால் கிடந்தது. திரையில் பெண்கள் ஆற்றங்கரைக்கு ஓடி வந்தார்கள். சிரிப்பு எழுந்து அறையை நிறைத்து, அடங்கியது. எல்லாரும் ஓய்ந்த பிறகு, தட்டைக் கழுவுகிற நேரத்துக்கு வருவதுபோல, ஒரு சிரிப்பு மட்டும் பின்தங்கி வந்தது.

கையிலிருந்த சில்லறை குலுங்கிவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாமி வலது கையை உயர்த்தினார். சரி என்று சவுண்டு அக்காவுக்குச் சைகை காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கை காதுக்குப் பின்னால் போயிற்று. அங்கே கிடந்த குமிழை முன்னால் இழுத்து, வலது காதின் மேல் வைத்து அழுத்திக்கொண்டது.