கரண்ட் போன அந்தக் கணம்

சென்ற மே மாதம், டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோவிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. மகள் தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா வந்திருந்தார். வரும்போது எனக்கென்று ஒரு கிரைண்டரையும் சுமந்து வந்தார். அதன் உடம்பு முழுக்க எவர்சில்வர்.

“அங்கையும் இங்கையும் ஒரே வோல்ற்தானே, பயப்பிடாதை” என்றார். அது உண்மைதான். பிளக்தான் வேறு. அதற்கும் விமான நிலையத்தில் ஓர் அடாப்டர் வாங்கியிருந்தார். சுவரில் செருகினோம், கச்சிதமாகப் பொருந்தியது, கிரைண்டரும் ஓடியது. ஓடுகிறதே, இனி என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

இங்குள்ள பிளக் துவாரங்கள் சிரிக்கிற முகம் போலிருக்கும். கரண்ட் கண்களில்; கீழேயுள்ள வாய்தான் எர்த். அக்காவின் அடாப்டரில் இரண்டு முள்தான். வாய் வெறுமையாகவே இருந்தது.

முதல்நன்மைக்கு முதல்நாள் அக்கா வடைக்கு உளுந்து அரைத்தார். ஈரக்கையால் கிரைண்டரைப் பிடித்தபடி, மற்றக் கையால் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். “ஐயோ” என்ற ஒரு சத்தம். அதே கணத்தில் கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, வெளிச்சம் எல்லாம் நின்றுபோயின. அக்கா நிலத்தில் கிடந்தார். பெரியம்மாவை டேனிஷில் ‘மொஸ்டர், மொஸ்டர்’ என்று கூப்பிட்டு மகள் அலறினாள். எனக்குத் தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

பிறகு அக்கா கண் திறந்தார். “கரண்ட் போயிட்டுதோடி?” என்றுதான் முதலில் கேட்டார்.

“ஓம் அக்கா, போயிட்டுது” என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பரிசோதித்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். என் கணவர் கிரைண்டரைக் கழற்றிப் பார்த்தார். பயணத்தில் அடிபட்டு, உள்ளே ஒரு வயர் உரிந்து அதன் எவர்சில்வர் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் பொருந்தியிருந்தால் யாரும் தொடுமுன்பே கரண்ட் நின்றிருக்குமாம். எர்த் இல்லாததால், அக்காவின் உடம்பினூடாகக் குழாய்க்குக் கரண்ட் ஓடிய பிறகே வீட்டு மின்பெட்டியிலிருந்த பாதுகாப்பு ரிலே விழுந்து கரண்டை நிறுத்தியிருக்கிறது. அதுவும் இல்லாத வீடாக இருந்திருந்தால் அக்கா பிழைத்திருக்கமாட்டார்.

இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பொருந்துகிறது, ஓடுகிறது என்று நம்பிவிடாதீர்கள். எர்த் முள்ளுள்ள டேனிஷ் அடாப்டரை இங்கேயே வாங்குங்கள்.

சண்டைக்காலத்தில் நானும் அக்காவும் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் படித்து வளர்ந்தவர்கள். பிறகு கரண்ட் வந்தது. அது போகும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினோம். கரண்ட் போனதற்காக வாழ்க்கையில் முதன்முறையாக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். இன்றும் அக்காவின் குரலைத் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் சொல்கிறேன்.