ஒசாகாவில் ஒரு கடி

என் கணவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து இறங்கும் சரக்கில் ஒரு காயைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார்.

மகளைப் பார்க்க ஜப்பானில் ஒசாகாவுக்குப் போயிருந்தோம். கடைத்தெரு முழுக்க விளக்கும் வாசமும் கூட்டமுமாக இருக்க, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் தட்டு நிறையப் பொரித்த இறால். இவர் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்துவிட்டார்.

"அய்யோ அப்பா, அது பிளாஸ்டிக்கு. பார்வைக்கு வச்சிருக்காங்க" என்று மகள் அலறினாள்.

கடைக்காரப் பெண் பதறி ஓடிவந்து, தண்ணீரை நீட்டி, அவளே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நல்லவேளை, பல் தப்பியது.

"கூடுதலாக் காஞ்ச சரக்கு, ஆத்தா" என்றார் மகளிடம்.

இப்போதெல்லாம் போடியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஜப்பான் போய்வந்ததிலிருந்து இந்த வயசில் என்ன ஒட்டுதல் என்று தெருவே பேசுகிறது.